மனுவை முதலில் போடுங்கள், காகிதம் பின்னால் வரட்டும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாடகையைப் பற்றித்தான். அரசாங்க வாடகை உதவிச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் மனுப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கே: கணவருக்கு மணிக்கணக்கில் கூலி, எனக்குப் பாதி நாள் வேலை. வாடகை கொடுத்தபின் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. உதவிக்கு மனுப் போடலாம் என்றால் அவருடைய இரண்டு மாதச் சம்பளச் சீட்டைக் காணோம், வாடகை ஒப்பந்தமும் பழையது. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போடலாமா?

ப: வேண்டாம், இன்றைக்கே போடுங்கள். உதவி பெரும்பாலும் மனு போய்ச் சேர்ந்த தேதியை வைத்துத்தான் கணக்காகிறது, உங்கள் கஷ்டம் தொடங்கிய தேதியை வைத்து அல்ல. ஜெர்மனியின் வாடகை உதவியான வோன்கெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: மனு எந்த மாதம் அலுவலகத்துக்கு வருகிறதோ அந்த மாதத்தின் முதல் நாளிலிருந்து பணம். ஒரு வெள்ளைத் தாளில் பெயர், முகவரி எழுதி, வாடகை உதவி வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலே அந்தத் தேதி உங்களுக்கு நின்றுவிடும், படிவத்தைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். 31ஆம் தேதி கொடுத்தவருக்கு முழு மாதமும் கிடைக்கும், ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று படுத்தவருக்கு அந்த மாதம் போச்சு. பிரிட்டனில் வாடகை உதவியும் சேர்ந்து வரும் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவியைக் கேட்டால் முதல் பணம் கைக்கு வரவே பொதுவாக ஐந்து வாரம் ஆகும், ஆக ஒரு வாரம் யோசித்தால் அது ஆறாகிறது.

விட்டுப்போன காகிதத்தை அவர்களே கடிதம் போட்டுக் கேட்பார்கள், கெடுவும் கொடுப்பார்கள். சம்பளச் சீட்டு இல்லையா, கூலி வந்து விழுந்த வங்கிக் கணக்கின் பக்கத்தை எடுத்து வையுங்கள். கையில் காசாக வாங்குகிறாரா, முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக மட்டும் விடாதீர்கள், ‘பின்னால் தருகிறேன்’ என்றாவது எழுதுங்கள். காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்தால் மறைக்கிறார்களோ என்றுதான் எந்த அதிகாரிக்கும் தோன்றும்.

கே: தம்பி எங்களோடு இருக்கிறான். ராத்திரி படுக்க மட்டும்தான் வருவான். அவனையும் எழுத வேண்டுமா?

ப: படுக்க வருகிற இடத்துக்குத்தான் வீடு என்று பெயர், அம்மா! எழுதுங்கள். வருமானம் உங்களுடையது மட்டுமல்ல, அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிற எல்லாருடையதும் என்றுதான் பல இடங்களில் பார்க்கிறார்கள். பிரிட்டனில் கணக்கு இன்னும் நறுக்கென்று இருக்கும், 21 வயது நிறைந்தவர் கூட இருந்தால் அவர் உங்களுக்குக் காசு கொடுக்கிறாரோ இல்லையோ, விதிவிலக்கில் வராவிட்டால், ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் மறைத்துப் பின்னால் தெரியவந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், அப்போது தம்பி எங்கே இருப்பானோ!

கே: முழு வாடகையும் கிடைக்குமா?

ப: அநேகமாகக் கிடைக்காது. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ‘செக்‌ஷன் 8’ திட்டத்தின் வவுச்சர், அதாவது வாடகை உதவிச் சீட்டு, கிடைத்தவர், கழிவுகள் போக மிஞ்சும் மாத வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தைத் தானே கட்ட வேண்டும், மீதி வீட்டுக்காரருக்கு நேராகப் போகும், அதுவும் அந்தப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு வரைக்கும்தான். வரம்பைத் தாண்டிய வீட்டைப் பிடித்தால் கூடுதலும் உங்கள் தலையில். ஆஸ்திரேலியாவில் வாடகை ஓர் அளவைத் தாண்டிய பிறகு, தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 75 சென்ட், அதற்கும் மேல்வரம்பு உண்டு. பிரிட்டனில் தனியார் வீட்டில் தனியாக இருக்கும் 35 வயதுக்குக் குறைந்தவருக்கு, அவர் முழு வீட்டில் இருந்தாலும் பொதுவாகப் பலர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்கான அளவுதான் தருவார்கள். அதனால் வீட்டைப் பேசி முன்பணம் கொடுத்த பிறகு வரம்பைப் பார்க்காதீர்கள், வரம்பைப் பார்த்துவிட்டு வீடு தேடுங்கள்.

கே: அண்ணன் வீட்டில் குடியிருக்கிறேன். வாடகை ஒழுங்காகக் கொடுக்கிறேன். மனுப் போடலாமா?

ப: சொந்தக்காரர் வீடு என்றாலே அதிகாரிக்கு மூக்கு வியர்க்கும். அமெரிக்க வவுச்சரில் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் இவர்களுடைய வீட்டுக்குப் பொதுவாக அனுமதி இல்லை, உடல் ஊனத்துக்காகச் சலுகை கேட்டால்தான் உண்டு. பிரான்சில் பெற்றோர் வீட்டுக்கும் பிள்ளைகள் வீட்டுக்கும் கிடையாது. மற்ற இடங்களில் ஒப்பந்தமும் மாதாமாதம் வங்கி வழியாகப் போன வாடகையும் இருந்தால்தான் வாதாடவே முடியும். அண்ணன் கையில் காசாகக் கொடுத்ததை யார் நம்புவார்கள்?

கே: பணம் கொடுத்தால் உதவிக்கான காத்திருப்புப் பட்டியலில் பெயரை மேலே ஏற்றித் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

ப: ஏமாற்று. மனுப் போடக் காசு கிடையாது.

கே: விசாவில்தான் இருக்கிறோம். மனுப் போட்டால் ஏதாவது ஆகிவிடுமா?

ப: ‘இன்றைக்கே போடுங்கள்’ என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. பிரிட்டனில் பலருடைய விசாவில் அரசு நிதி உதவி பெறக் கூடாது என்று நிபந்தனையே இருக்கிறது, அதை மீறினால் பின்னால் விசா நீட்டிக்கும்போது தொல்லை. அமெரிக்காவிலோ, குடும்பத்தில் சிலருக்குத் குடியுரிமையோ தகுதியுள்ள குடியேற்ற நிலையோ இருந்து மற்றவர்களுக்கு இல்லை என்றால், உதவியை அந்த விகிதத்தில் குறைத்துத் தருகிற ஏற்பாடு உண்டு. விசாத் தாளை எடுத்து முதலில் படியுங்கள், புரியாவிட்டால் இலவச சட்ட உதவி மையத்தில் காட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், அவருடைய விசா வேறு.

கே: மனுவை நிராகரித்துவிட்டார்கள். வருமானம் அதிகமாம். எங்களுக்கா!

ப: கடிதத்தை மறுபடி, பொறுமையாக, கணக்கு இருக்கும் பக்கத்தைப் படியுங்கள். எங்கள் சித்தி வீட்டில் இதே கதை நடந்தது. சித்தப்பா ஒரே ஒரு மாதம் கூடுதல் நேரம் வேலை பார்த்திருந்தார், அந்த மாதச் சீட்டை வைத்து வருஷம் முழுக்க அதே வருமானம் என்று போட்டுவிட்டார்கள். சித்தி ஒரு வாரம் அழுதாள், அப்புறம் ஆறு மாதச் சீட்டையும் வரிசையாக ஒட்டி ஒரு பக்கக் கடிதத்தோடு அனுப்பினாள். கணக்கு மாறியது.

பிடித்தம் போகக் கைக்கு வருவதா, பிடித்தத்துக்கு முந்தைய சம்பளமா, எதைக் கணக்கில் எடுத்தார்கள், வீட்டு ஆட்களின் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள், தப்பு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் மறுபரிசீலனை கேட்கப் பொதுவாக ஒரு மாதம்தான் கெடு. அமெரிக்காவில் அந்தந்த ஊர் வீட்டுவசதி அலுவலகம் அனுப்பும் கடிதத்திலேயே தேதி இருக்கும். தொலைபேசியில் திட்டியது கணக்கில் வராது, எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கே: காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறது. இனி என்ன செய்வது?

ப: வீடு மாறினால் அன்றைக்கே அவர்களுக்கு எழுதுங்கள். வருஷக்கணக்கில் நீளும் பட்டியல் இது, நடுவில் ‘இன்னும் வேண்டுமா’ என்று கேட்டுக் கடிதம் வரும், அது பழைய முகவரிக்குப் போய்த் திரும்பினால் பெயரை அடித்துவிடுவார்கள்.