மூடிய பெட்டிக்குள் செடி: வெக்கையும் காற்றும், சில கேள்விகள்

பாபநாசத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் இரண்டு பெட்டிகள் வைத்து, எல்இடி விளக்கில் மிளகாய், கத்தரி நாற்றும் கீரையும் வளர்க்கிறேன். டெல்டாவின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கும்பகோணத்திலிருந்து: அக்கா, இரண்டுக்கு இரண்டு அடி, நாலடி உயரத்தில் பிளைவுட் பெட்டி. 60 வாட் எல்இடி. அறையில் 34 டிகிரி, பெட்டியை மூடினால் உள்ளே 41. எல்இடி சூடாகாது என்று சொல்லித்தானே கடையில் கொடுத்தார்கள்?

குண்டு பல்பை விடக் குறைந்த வாட்டில் அதே வெளிச்சம் தரும் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் 60 வாட் உள்ளே போனால் கிட்டத்தட்ட 60 வாட்டும் வெப்பமாகத்தான் முடியும். வெளிச்சமும் இலையிலும் பலகையிலும் பட்டுச் சூடாகத்தான் மாறுகிறது. செடி தனக்கென்று சேர்த்து வைப்பது மிகச் சிறிய பங்கு. அந்த வெப்பத்தை வெளியே தூக்கிப்போகக் காற்று வேண்டும்.

எவ்வளவு காற்று என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வாட்டை மூன்றால் பெருக்குங்கள். அறையை விட எத்தனை டிகிரி கூடினால் பரவாயில்லையோ, அதால் வகுங்கள். மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று விடை வரும். உங்களுக்கு 3 டிகிரி கூடினால் போதுமென்றால், மணிக்கு 60 கன மீட்டர். உங்கள் பெட்டியின் கொள்ளளவு அரை கன மீட்டர்கூட இல்லை. ஆக, நிமிடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் உள்ளே இருக்கும் காற்று முழுக்க மாற வேண்டும். இதைப் பார்த்துப் பலர் திகைப்பார்கள். பெட்டிக்கு மூச்சு விட ஒரு சின்ன ஓட்டை போதும் என்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றே கணக்குப்படி போதும். ஆனால் அட்டையில் போட்டிருப்பது தடையில்லாத காற்றுக்கான அளவு. கொசுவலை, வளைந்த குழாய் என்று வந்தால் பாதியாகிவிடும். இரண்டு ஃபேன் போட்டு மெதுவாக ஓட்டுங்கள், சத்தமும் குறையும். எல்இடியின் டிரைவரை (விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சின்ன டப்பா) பெட்டிக்கு வெளியே மாட்டுங்கள். அதன் சூடாவது உள்ளே சேராது.

அவரே: ஃபேனை எங்கே வைப்பது?

மேலே, வெளியே இழுக்கும்படி. நம் ஓட்டு வீட்டு முற்றம் எப்படி வேலை செய்கிறதோ, அதே வழிதான்: சூடான காற்று மேலே போகும், குளிர்ந்தது கீழே நுழையும். நுழையும் வாசல் எதிர்ப்பக்கம், அடியில், ஃபேன் துளையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். இது போக, உள்ளே ஒரு சின்ன ஃபேன் இலைகளை லேசாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அசைகிற நாற்றுக்குத் தண்டு உறுதியாகும்.

திருவாரூரிலிருந்து: ஈரச் சாக்கு கட்டினால் அறையை விடக் குளிர்ச்சியாக்க முடியுமா? லெட்யூஸ் (சாலட் கீரை) போட ஆசை.

ஃபேன் எத்தனை போட்டாலும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. ஈரச் சாக்கு இறக்கும், காற்று காய்ந்திருந்தால். 36 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்றால் 27 வரைக்கும் இறங்க இடம் இருக்கிறது. கடற்காற்று வந்து 32 டிகிரி, 80 சதவீதம் ஆகிவிட்டால் 29-தான் எல்லை. அதுவும் சாக்கு காற்று நுழையும் வாசலில் இருக்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் தொங்கவிட்டால் வெறும் புழுக்கம்தான் மிஞ்சும்.

நான் செய்வது வேறு: பகலை இரவாக்கிவிடுவேன். சித்திரை, வைகாசியில் பகல் 37, 38-ஐத் தொடும். விடியற்காலையில் 27, 28. டைமரை மாலை 6 முதல் காலை 8 வரை வைத்தால் செடிக்கு 14 மணி நேர வெளிச்சம் கிடைக்கும், நடுப்பகல் வெக்கையோடு விளக்குச் சூடு சேராது. செலவே இல்லாத வழி, முதலில் இதைச் செய்யுங்கள்.

லெட்யூஸை மார்கழி, தை மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் விதை 30 டிகிரிக்கு மேல் முளைக்கவே தயங்கும், முளைத்தாலும் சீக்கிரம் பூத்தண்டு விட்டுக் கசக்கும். கோடையில் தண்டுக்கீரை, அரைக்கீரை போடுங்கள். அவை வெயிலுக்கென்றே பிறந்தவை; 32, 33-இலும் தளதளவென்று வரும்.

மன்னார்குடி, கல்லூரி மாணவர்: அக்கா, பழைய ஃபிரிட்ஜைப் பெட்டியாக்கலாமா?

வேண்டாம் தம்பி. பிளைவுட் வழியாகவாவது கொஞ்சம் சூடு கசியும். ஃபிரிட்ஜின் சுவர் சூட்டைக் கடத்தக் கூடாதென்றே செய்தது. அப்புறம், பக்கச் சுவருக்குள் கேஸ் குழாய் ஓடும், புதிய மாடல்களில் அது தீப்பற்றும் கேஸ். துளை போடக் கையை வைக்காதே. கதவுள்ள பழைய மர அலமாரி கிடைத்தால் அதுவே நல்லது.

திருவையாறு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பூச்சி வரக்கூடாதென்று இடுக்கெல்லாம் அடைத்து முழுக்க மூடினேன் அம்மா. விளக்கு சிறியது, சூடும் இல்லை. நாற்று பச்சையாகவே இருக்கிறது, ஆனால் வளரவில்லை.

ஐயா, அது பசியில் நிற்கிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவுக்குத்தான் உண்டு. அடைத்த பெட்டியில் விளக்கு எரியும்போது செடிகள் அதை வேகமாக உறிஞ்சிவிடும். பாதியாகிவிட்டால், எவ்வளவு வெளிச்சமும் உரமும் கொடுத்தாலும் வளர்ச்சி தளரும். மூடிய பெட்டியில் இலை நீராவியை வெளியேற்றவும் திணறும். அது நடக்காவிட்டால் சுண்ணாம்புச் சத்து இளந்தளிருக்குப் போய்ச் சேராது, நுனி கருகும். பூச்சிக்கு வாசலில் நெருக்கமான வலை கட்டுங்கள், வலை காற்றைத் தடுக்கும் என்பதால் வாசலைப் பெரிதாக்குங்கள். மாதம் ஒருமுறை வலையைத் தட்டிக் கழுவுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: ஐப்பசி மழையில் நாற்றெல்லாம் அடித்தண்டு அழுகிச் சாய்கிறது. வெளிக்காற்றே ஈரம், எதற்கு ஃபேன் போடுவது?

போட வேண்டும். 25 டிகிரி, 95 சதவீத ஈரக் காற்று உள்ளே வந்து 28-க்குச் சூடானால், அதே காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாகிவிடும். சித்திரையில் எதிரியாக இருந்த விளக்குச் சூடு ஐப்பசியில் துணை. ஆபத்து விளக்கு அணைந்த பின்தான்: பெட்டி குளிர்ந்து சுவரெல்லாம் வியர்க்கும். ஃபேனை நிறுத்தாதீர்கள். தண்ணீரை விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் கொடுங்கள், அணையும் நேரத்தில் அல்ல. விதை நேர்த்திக்கு, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சை) கலந்து விதையுங்கள். கடலோரம் என்பதால் ஃபேனின் இரும்புத் திருகுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பு தின்றுவிடும்.

மயிலாடுதுறையிலிருந்து: கரண்ட் போனால்?

விளக்கும் ஃபேனும் சேர்ந்து நின்றால் பெரிய பயமில்லை, கதவைத் திறந்து வைத்தால் போதும். விளக்கு எரிந்து ஃபேன் நின்றால்தான் கேடு. ஒரு மே மாதம் என் வீட்டில் விளக்கு இன்வெர்ட்டர் லைனிலும் ஃபேன் சாதா லைனிலும் இருந்தன. கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் 98 குழி உள்ள தட்டில் இருந்த மிளகாய் நாற்று முழுக்கத் துவண்டுவிட்டது. பாதிகூடத் தேறவில்லை. இன்றும் நினைத்தால் வயிறு கலங்கும். இரண்டையும் ஒரே லைனில் கொடுங்கள். டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒன்று வாங்கி, 36-ஐத் தாண்டினால் விளக்கை அணைக்கும்படி வையுங்கள்.

மயிலாடுதுறை அன்பரே: அதன் சென்சார் எங்கே?

இலை உயரத்தில், விளக்கு நேரே படாமல், ஒரு சின்ன அட்டை நிழலில். வெளிச்சம் பட்டால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, தன் சூட்டைத்தான் காட்டும்.