ஒன்ராறியோவில் சொல்லாமல் கொள்ளாமல் ஷிப்ட் மாற்றினால்: படிக்க வந்த தங்கச்சிக்கு ஒரு பதில்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேணும். படிக்க வந்து ஸ்காபரோவில் சாப்பாட்டுச் சாமான் பொதி செய்கிற ஃபக்டரி ஒன்றில் பகுதி நேரமாக வேலை செய்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை போடுகிற ஸ்கெஜூல் செவ்வாய்க்கிழமையே மாறிவிடுகிறது, அதுவும் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில்தான் தெரிய வருகிறது. ஒருநாள் விடியப்புறம் இரண்டு பஸ் மாறிப் போய் நின்றால், ஒன்றரை மணித்தியாலத்தில் "இண்டைக்கு ஓடர் இல்லை, வீட்டை போங்கோ" என்று அனுப்பிவிட்டு, அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கு மட்டும் காசு போட்டிருக்கிறார்கள். ஸ்டுடன்ட் விசாவில் வந்தவர்கள் இங்கே எதையும் கேட்க முடியாது என்று உங்களோடு அறையில் இருக்கிற பிள்ளைகள் சொல்கிறார்கள். அது உண்மையா என்று கேட்டிருந்தீர்கள்.

உண்மை இல்லை. ஒன்ராறியோவின் வேலைவாய்ப்பு நியமங்கள் சட்டம், இங்கே எல்லோரும் ஈஎஸ்ஏ என்பது, உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பேசுகிற சட்டம் இல்லை. பகுதி நேரமோ முழு நேரமோ, பிஆர் (நிரந்தர வதிவிடம்) இருக்கிறதோ இல்லையோ, அந்த ஃபக்டரியில் நீங்கள் தொழிலாளி என்றால் அது உங்களுக்கும்தான். அந்தப் பிள்ளைகள் பயத்தில் சொல்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தை வைத்துத்தான் பல இடங்களில் புதுசாக வந்தவர்களின் மணித்தியாலங்களை விழுங்குகிறார்கள்.

இனி கசப்பான பக்கத்தையும் சொல்லவேணும். ஸ்கெஜூலை இத்தனை நாளுக்கு முன்னால் தரவேணும் என்று ஒன்ராறியோவில் பொதுவான சட்டம் கிடையாது. வரப்பார்த்தது. 2017இல் லிபரல் அரசாங்கம் நிறைவேற்றிய சட்டத்தில், 96 மணித்தியாலத்துக்குக் குறைவாகச் சொன்ன ஷிப்டை மறுக்கலாம் என்றும், 48 மணித்தியாலத்துக்குள் ஷிப்டை ரத்துச் செய்தால் மூன்று மணித்தியாலச் சம்பளம் தரவேணும் என்றும் இருந்தது. 2019 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வர இருந்ததை, 2018 நவம்பரில், அடுத்து ஆட்சிக்கு வந்த டக் ஃபோர்ட் அரசாங்கம் வரவே விடாமல் நீக்கிவிட்டது. நான் அப்போது பொதி செய்கிற லைனில் நின்றேன். பிள்ளை பார்க்கிற இடத்துக்கு முன்கூட்டியே காசு கட்டிவிட்டு, ஷிப்ட் போய்விட்டதே என்று லொக்கர் அறையில் நின்ற அம்மாக்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு வரியும் சட்டத்தில் இருந்திருந்தால் அவர்களுக்கு எவ்வளவோ நிம்மதி. இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

ஆக, முதல்நாள் இரவு மெசேஜ் போட்டு "நாளைக்கு வரவேண்டாம்" என்றால், யூனியன் ஒப்பந்தத்திலோ உங்கள் வேலைக் கடிதத்திலோ வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஈஎஸ்ஏயை வைத்து அந்தக் காசைக் கேட்க வழி இல்லை. ஆனால் நீங்கள் போய் நின்ற அந்த நாள் வேறு விஷயம்.

மூன்று மணித்தியால விதி என்று ஒன்று இருக்கிறது. வழக்கமாக நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்கிற ஒருவர், வரச்சொன்ன நேரத்துக்கு வேலைக்கு வந்து, மேலும் வேலை செய்யத் தயாராக நின்றும், மூன்று மணித்தியாலத்துக்குள் அனுப்பப்பட்டால், குறைந்தது மூன்று மணித்தியாலச் சம்பளம் கொடுக்கவேணும். உங்கள் கணக்கையே பார்ப்போம். 2025 ஒக்டோபர் 1இலிருந்து ஆகக்குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். ஒன்றரை மணித்தியாலத்துக்கு 26.40 போட்டிருக்கிறார்கள், போட்டிருக்க வேண்டியது 52.80. மிச்சம் 26.40 டொலர் உங்களுடைய காசு. தீ, மின்னல், கரண்ட் நின்றது, புயல் மாதிரி முதலாளியின் கையில் இல்லாத காரணம் என்றால் இந்த விதி பொருந்தாது. ஓடர் குறைந்தது அந்த வகையில் சேராது, அது அவர்களுடைய வியாபாரக் கணக்கு.

இதில் நிறையப் பேர் தவறவிடுகிற ஒரு இடம் இருக்கிறது, நான் நேரில் பார்த்தது. லைன் மெதுவாகப் போகிறது, சுப்பவைசர் வந்து சிரித்த முகத்தோடு "ஆருக்கு வீட்டை போக விருப்பம்?" என்று கேட்பார். களைத்துப்போய் நிற்கிற நாலு பேர் கையைத் தூக்குவார்கள். கையைத் தூக்கினால் நீங்களாகப் போனதாக ஆகிவிடும், "மேலும் வேலை செய்யத் தயாராக இருந்தேன்" என்று பிறகு சொல்ல முடியாது. எங்களோடு நின்ற மட்டக்களப்பு அக்கா ஒருவர் மட்டும் கை தூக்கவே மாட்டார். "நான் நிக்கிறன், வேலை இருந்தால் தாங்கோ" என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அவரை அனுப்பினால் அவருக்கு மூன்று மணித்தியாலம் போடவேண்டி வந்தது. நீங்களும் அப்படியே சொல்லுங்கள், மரியாதையாக, ஆனால் இன்னொருவர் காதில் விழும்படி.

அடுத்தது ஓய்வு. பின்னேரம் 3 மணியிலிருந்து இரவு 11 மணி வரை நிற்க வைத்துவிட்டு, அடுத்தநாள் விடிய 6 மணிக்கு இன்னொரு எட்டு மணித்தியால ஷிப்டுக்கு வா என்று மாற்றுகிறார்களா? இரண்டு ஷிப்டுக்கும் நடுவே 8 மணித்தியாலம் விடவேணும். இரண்டு ஷிப்டும் சேர்த்து 13 மணித்தியாலத்துக்கு மேல் போகவில்லை என்றாலோ, நீங்கள் எழுத்தில் சம்மதித்திருந்தாலோ மட்டும்தான் அதைக் குறைக்கலாம். நான் சொன்ன உதாரணத்தில் 16 மணித்தியாலம் வருகிறது, நடுவில் ஏழுதான் இருக்கிறது. அதே மாதிரி நாளுக்கு 8 மணித்தியாலத்துக்கு மேலும் (உங்கள் இடத்தில் வழக்கமான நாளே அதைவிட நீளம் என்றால் அதற்கு மேலும்), கிழமைக்கு 48க்கு மேலும் வேலை வாங்க உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். முதல்நாள் ஒரு கட்டுப் பேப்பரில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அதில் இந்தச் சம்மதம் இருந்ததா என்று தேடிப் பாருங்கள். மணித்தியாலத்தைக் கூட்டுகிற சம்மதம் என்றால், இரண்டு கிழமை முன்னறிவித்தல் எழுத்தில் கொடுத்து அதைத் திரும்பப் பெறலாம். கிழமைக்கு 44 மணித்தியாலம் தாண்டினால் ஓவர்டைம், ஒன்றரை மடங்கு. அது உங்களுக்குக் கோடை மாதிரி விடுமுறைக் காலத்தில்தான் உதவும்.

ஏன் விடுமுறையில் மட்டும் என்றால், உங்களுக்கு இன்னொரு எல்லை இருக்கிறது, ஸ்கெஜூல் மாற்றத்தில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். வகுப்பு நடக்கிற காலத்தில் கம்பஸுக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், 2024 நவம்பரிலிருந்து அதுதான் கணக்கு. இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டித்தான் 24. திங்களிலிருந்து வியாழன் வரை 20 செய்துவிட்டீர்கள், வெள்ளிக்கிழமை ஒருத்தர் வரவில்லை என்று மனேஜர் உங்களை ஆறு மணித்தியாலத்துக்குக் கூப்பிடுகிறார். அவருக்கு அன்றைய ஓட்டை அடைபட்டால் போதும். உங்களுக்கோ ஸ்டடி பேர்மிட் நிபந்தனையை மீறினதாகிவிடும், நாளைக்கு வேர்க் பேர்மிட் விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே வந்து நிற்கலாம். "கூடின மணித்தியாலத்தைக் கைக்காசாகத் தாறன்" என்பார்கள், வேண்டவே வேண்டாம். பேர்மிட்டுக்கும் ஆபத்து, காசு தராவிட்டால் கேட்பதற்குக் கையில் ஒரு துண்டும் இருக்காது. அப்படிக் கூப்பிட்டால் ஒரே பதில், எழுத்தில்: "இந்தக் கிழமை 20 ஆகிவிட்டது, பேர்மிட் நிபந்தனைப்படி இன்னும் 4 மணித்தியாலம்தான் செய்ய முடியும்." இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். கொஞ்சம் நல்ல மனேஜர் என்றால் ஒரு தடவை சொன்னாலே விளங்கிக்கொள்வார்.

சரி, அந்த 26.40ஐ எப்படிக் கேட்பது? இப்போதே ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள், ஃபோனில் குறித்தாலும் பரவாயில்லை. திகதி, வரச்சொன்ன நேரம், போய்ச் சேர்ந்த நேரம், அனுப்பிய நேரம், அனுப்பியவர் பெயர், சொன்ன காரணம். வட்ஸ்அப் மெசேஜை அன்றைக்கே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், குரூப்பில் பிறகு அழித்துவிடுவார்கள். பிறகு சம்பளத் துண்டை அந்தக் கொப்பியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாளியும் நீங்கள் வேலை செய்த நேரங்களைப் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்கவேணும், ஆனால் அவர் எழுதியதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

பிறகு சண்டை மாதிரி இல்லாமல் ஒரு ஈமெயில்: இன்ன திகதி இன்ன நேரம் வந்தேன், இன்ன நேரம் அனுப்பினீர்கள், மூன்று மணித்தியால விதிப்படி மிச்சம் சேரவில்லை, அடுத்த சம்பளத்தில் சேர்த்துவிடுங்கள். பல இடங்களில் இது போதும், ஏனென்றால் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு விதி தெரியும், கேட்காதவர்களுக்குத்தான் போடமாட்டார்கள். அதே ஈமெயிலிலோ தனியாகவோ உங்கள் வகுப்பு நேரங்களையும், எந்த நாள் எந்த நேரம் வேலைக்கு வரலாம் என்பதையும் ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் எழுதி அனுப்புங்கள். மறுக்கிற உரிமையை அது தராது, ஆனால் "எங்களுக்குச் சொல்லவில்லையே" என்று பிறகு சொல்ல முடியாது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால், 2025 ஜூலை 1இலிருந்து சேர்ந்தவர்களுக்குச் சம்பளம், வேலை செய்யும் இடம், எதிர்பார்க்கிற வேலை நேரம் எல்லாம் எழுத்தில் தந்திருக்கவேணும். உங்களுக்குத் தந்தார்களா? தரவில்லை என்றால் கேளுங்கள்.

அவர்கள் தர மறுத்தால் தொழில் அமைச்சுக்கு ஒன்லைனில் முறைப்பாடு போடலாம், காசு இல்லை, லோயரும் தேவையில்லை. சம்பளம் தரவேண்டிய திகதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போடவேணும். கேட்டதற்காக ஷிப்டைக் குறைப்பது, வெருட்டுவது, வேலையை விட்டு நிறுத்துவது எல்லாம் பழிவாங்கல், சட்டம் அதைத் தடுக்கிறது. தடுக்கிறது என்பதற்காக நடக்காது என்று நான் சொல்லமாட்டேன், நடக்கிறது. அதனால்தான் கேட்பதற்கு முன்னால் இருந்த உங்கள் கிழமை மணித்தியாலங்களையும் கொப்பியில் எழுதி வையுங்கள் என்கிறேன். கேட்ட பிறகு 20 திடீரென்று 6 ஆனால், அந்த இரண்டு பக்கமும் உங்களுக்காகப் பேசும். தனியாகப் போகப் பயம் என்றால் ஸ்காபரோ கொமியூனிட்டி லீகல் சேர்விசஸ், ரொறன்ரோவில் வேர்க்கர்ஸ் அக்‌ஷன் சென்டர் இரண்டும் இப்படியான விஷயங்களில் இலவசமாக வழி சொல்கிறவர்கள்.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் மொன்றியலில் அப்படி இல்லை என்று எழுதியிருந்தாரே, அவர் சொன்னது சரி. மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் ஐந்து நாளுக்கு முன் சொல்லாத ஷிப்டைப் பெரும்பாலும் மறுக்கலாம். அல்பேர்ட்டாவில் ஷிப்ட் மாற்ற 24 மணித்தியால எழுத்து அறிவித்தல் வேண்டும். ஒன்ராறியோவுக்குள்ளேயே கூட, பியர்சன் விமான நிலையத்தில் விமானக் கம்பனிக்கு வேலை செய்கிறவர், வங்கியில் இருப்பவர், மாகாணம் விட்டு மாகாணம் ட்ரக் ஓடுகிறவர் எல்லாம் மத்திய அரசின் சட்டத்துக்குள் வருவார்கள். அவர்களுக்குப் பொதுவாக ஸ்கெஜூலை 96 மணித்தியாலம் முன்னால் தரவேணும், மாற்றினால் 24 மணித்தியாலம் முன்னால் எழுத்தில் சொல்லவேணும். ஆகவே விமான நிலையத்தில் நிற்கிற மச்சான் சொல்கிற சட்டத்தை உங்கள் ஃபக்டரி மனேஜரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை. உங்களை அந்த ஃபக்டரியே நேராக எடுத்ததா, அல்லது வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி மூலமாகவா? ஏஜென்சி என்றால் 2024 ஜூலை 1இலிருந்து அவர்களுக்கு லைசென்ஸ் இருக்கவேணும், இருக்கிறதா என்று அமைச்சின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். சம்பளத்தை ஏஜென்சி தராமல் இழுத்தால் ஃபக்டரியும் சேர்ந்துதான் பொறுப்பு, "அது அவையிட்டைக் கேளுங்கோ" என்று இரண்டு பக்கமும் உங்களைத் தள்ளிவிட முடியாது. சம்பளத் துண்டின் மேலே எந்தக் கம்பனியின் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், அந்த ஈமெயிலை யாருக்கு அனுப்புவது என்பது அதைப் பொறுத்தது.