வாத்தியார் பதில்கள்: ஆறு பவுன் தங்கமும் ஆயிரம் கோடி டாலரும்

போன இதழில் நாசா மேலே அனுப்பிய ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைப் பற்றிப் பத்து வரி எழுதினாலும் எழுதினேன், நம் மொரிசியஸில் ரோஸ் ஹில் தொடங்கி மாஹேபூர் வரை ஆளாளுக்குப் பேனாவை எடுத்துவிட்டார்கள். பாராட்டுக் கடிதம் இரண்டு. மீதி எல்லாம் திட்டு. திட்டுகளில் நல்லதாக ஐந்தைப் பொறுக்கி இந்த மாதப் பக்கத்தை நிரப்பியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, அந்தத் தொலைநோக்கிக்கு ஆயிரம் கோடி டாலர் ஆயிற்று என்று நீங்களே எழுதினீர்கள். கெட்டுப்போனால் ஆள் போய்ப் பழுது பார்க்க முடியாது என்றும் நீங்களேதான் எழுதினீர்கள். என் கடையில் உத்தரவாதச் சீட்டு இல்லாத மின்விசிறியைக்கூட யாரும் வாங்குவதில்லை. இது என்ன வியாபாரம்?
(கடைக்காரர், கத்ர் போர்ன்)

பணத்தை முதலில் பேசிவிடுவோம். அதில் நான் உங்கள் கட்சி. 1990களின் கடைசியில் இதற்குப் போட்ட மதிப்பீடு 50 கோடி டாலர். 2007ல் ஏவிவிடலாம் என்றார்கள். ஏவியது 2021 டிசம்பர் 25. செலவு இருபது மடங்கு. நடுவில் 2011ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று ‘போதும், நிறுத்துங்கள்’ என்று பணத்தை வெட்டவே பார்த்தது.

இத்தனைக்கும் காரணம் வானம் இல்லை, மனிதர்கள். 2018ல் ராக்கெட்டின் இரைச்சலைத் தாங்குமா என்று சத்தத்தால் உலுக்கிப் பார்த்தபோது, தொலைநோக்கி மேல் சூரியச் சூடு படாமல் தடுக்கும் வெயில் மறைப்பின் உறையிலிருந்து திருகாணிகளும் வாஷர்களும் கழன்று விழுந்தன. வால்வுகளைக் கழுவத் தப்பான திரவத்தை எடுத்துக் கழுவி அவற்றைக் கெடுத்தார்கள். ஒவ்வொரு பிசகுக்கும் மாதக்கணக்கில் தாமதம். தாமதம் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கும் சம்பளம்.

முதல் மதிப்பீடு ஏன் அவ்வளவு குறைவு? எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது என் மனைவியிடம் ஒரு தொகை சொன்னேன். அது மேஸ்திரி சொன்னதில் பாதி. முழுத்தொகையையும் சொல்லியிருந்தால் இன்றைக்கும் மழைக்கு ஒழுகும் தகரத்தின் கீழேதான் படுத்திருப்போம். நாசாக்காரர்களுக்கும் மனைவி மாதிரி ஒரு நாடாளுமன்றம் இருக்கிறது, அவ்வளவுதான். அதற்காக நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. அவள் இன்னும் அதை மறக்கவில்லை.

ஒரு சின்ன ஆறுதல்: நம் மொரிசியஸ் ரூபாய் அதில் ஒன்றும் போகவில்லை. பிரான்ஸைச் சேர்ந்த பக்கத்துத் தீவு ரியூனியனில் வரி கட்டும் என் மைத்துனரின் பணம் கொஞ்சம் போயிருக்கும். ஐரோப்பியர்கள் தங்கள் பங்காக அரியான் ராக்கெட்டைக் கொடுத்தார்கள். அவரிடம் சொன்னால், ‘பெட்ரோலுக்குக் கட்டுவதைவிட இது தேவலை’ என்கிறார்.

உத்தரவாதத்துக்கு வருகிறேன். மாற்று ஏற்பாடே இல்லாத இடங்கள் அதில் 344 இருந்தன. எது ஒன்று சிக்கிக்கொண்டாலும் எல்லாம் வீண். ஏவிய அன்று நமக்கு மாலை 4:20. வீட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம், அடுப்பில் தேக் என்ற பெரிய பாத்திரத்தில் பிரியாணி. நான் கைப்பேசியோடு பின்வாசல் படியில். 27 நிமிடத்தில் தொலைநோக்கி ராக்கெட்டை விட்டுப் பிரிந்து கருப்பு வானத்தில் விலகிப் போயிற்று. அதன் சூரியத் தகடு பளிச்சென்று விரிந்ததை ராக்கெட்டில் இருந்த கேமரா காட்டியது. பேத்தி வந்து, ‘தாத்தா, யார் செத்துட்டாங்க?’ என்றாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. அடுத்த இரண்டு வாரம் டென்னிஸ் மைதானம் அளவுள்ள ஐந்து அடுக்கு மறைப்பை விரித்தார்கள், கண்ணாடியின் மடங்கியிருந்த இரண்டு இறக்கைகளை நிமிர்த்தினார்கள். ஜனவரி 8ல் விரிக்கும் வேலை எல்லாம் முடிந்தது. ஒன்றுகூடச் சிக்கவில்லை. ராக்கெட் குறி தவறாமல் போட்டதால் மிச்சமான எரிபொருளில், பத்து ஆண்டு என்று நினைத்தது இருபதைத் தாண்டும் என்கிறார்கள். உங்கள் மின்விசிறி எத்தனை ஆண்டு ஓடும்?

கேள்வி: கண்ணாடி முழுக்கத் தங்கமாமே? எத்தனை பவுன் தேறும்?
(இல்லத்தரசி, திரியோலே)

ஆறு பவுன், அம்மா. 48 கிராமும் சொச்சமும். 6.5 மீட்டர் அகலக் கண்ணாடிக்கு அவ்வளவுதான். பெரிலியம் என்ற உலோகத்தில் 18 துண்டுகள் செய்து, மேலே முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குத் தங்கம் பூசியிருக்கிறார்கள். வெப் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, அதைத் தங்கம் அவ்வளவு நன்றாகத் திருப்பியனுப்பும். நம் ஊர்க் கல்யாணத்தில் ஆறு பவுன் போட்டால் சம்பந்தி வீட்டில் முகம் சுளிப்பார்கள்.

கேள்வி: ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடியையே தப்பாகத் தேய்த்து மேலே அனுப்பிய ஆட்கள்தானே இவர்கள்? அவர்கள் சொல்வதை எதை வைத்து நம்புவது?
(ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், போ பாசேன்)

என் மூக்குக்கண்ணாடிக் கதையைச் சொன்னால் ஹப்பிள் கதை பாதி முடிந்துவிடும்.

மூன்று ஆண்டுக்கு முன் புதுக் கண்ணாடி வாங்கினேன். போட்ட நாள் முதல் மாடிப்படி ஒன்று கூடுதலாகத் தெரிந்தது. தேநீரை ஊற்றினால் கோப்பைக்கு வெளியே போயிற்று. கடைக்குப் போனேன். பையன் கண்ணாடியை மெஷினில் வைத்துப் பார்த்து, ‘சரியாத்தான் இருக்கு சார், பழகிடும்’ என்றான். பழகவில்லை. மறுபடி போனேன். மறுபடி அதே மெஷின், அதே பதில். மூன்றாம் முறை, என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது கண் மருத்துவர், அவளிடம் கொண்டுபோனேன். அவள் தன் கருவியில் வைத்தாள், சிரித்தாள். இடது கண்ணுக்கான சாய்வு பத்து டிகிரிக்கு மேல் விலகியிருந்தது. கடை இடம் மாறியபோது அந்த மெஷின் கீழே விழுந்ததாம். தேய்த்ததும் அதன் அளவில்தான், சரிபார்த்ததும் அதன் அளவில்தான். அப்புறம் அது எப்படிப் ‘தப்பு’ என்று சொல்லும்?

ஹப்பிளுக்கு நடந்தது அச்சு அசல் இதுவே. 2.4 மீட்டர் கண்ணாடியை அதுவரை யாரும் தேய்க்காத வழவழப்பில் தேய்த்தார்கள், தப்பான வடிவத்துக்கு. விளிம்பில் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். வடிவத்தை அளந்த கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் தள்ளி உட்கார்ந்திருந்தது. ஏன் தள்ளி உட்கார்ந்தது? தூரம் அளக்கும் கோலின் நுனியில் ஒரு மூடி. அந்த மூடியில் ஒளி பட்டுத் திரும்பக்கூடாது என்று பூசிய பூச்சு ஒரு பொட்டு உதிர்ந்திருந்தது. அளவு எடுத்த ஒளி கோலின் நுனிக்குப் போகாமல் அந்தப் பொட்டில் பட்டுத் திரும்பிவிட்டது.

எனக்கு ஆறாதது இனிமேல்தான். வேறு இரண்டு கருவிகள் ‘தப்பு இருக்கிறது’ என்று அப்போதே காட்டின. ‘அவை மட்டமான கருவிகள், நம் கருவிதான் துல்லியம்’ என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். முழுத் தொலைநோக்கியையும் சேர்த்து வைத்து ஒரு தரம் பார்த்திருக்கலாம். செலவு என்று அதையும் விட்டார்கள். 1990 ஏப்ரலில் மேலே போயிற்று, ஜூனில் குட்டு வெளிப்பட்டது. உங்களைப் போல ‘எதை வைத்து நம்புவது’ என்று நச்சரிக்கும் ஒரு நடத்துநர் அந்தத் தொழிற்சாலையில் இல்லாமல் போய்விட்டார். 1993 டிசம்பரில் ஏழு பேர் விண்கலத்தில் போய், ஐந்து நாள் வெளியே மிதந்து வேலை பார்த்து, சின்னச் சின்னக் கண்ணாடிகளால் பார்வையைத் திருத்தினார்கள். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 ஜூனிலிருந்து திசை தவறாமல் பார்க்க உதவும் கைரோஸ்கோப் கருவி ஒன்றை மட்டும் வைத்துத் தாக்குப்பிடிக்கிறது.

வெப்பில் பாடம் படித்தார்களா என்றால், இந்த விஷயத்தில் படித்தார்கள். 2017ல் ஹூஸ்டனில் ஒரு பெரிய குளிர்க்கூண்டுக்குள் கண்ணாடியையும் கருவிகளையும் சேர்த்து வைத்து ஏறக்குறைய 100 நாள் சோதித்தார்கள். நடுவில் ஹார்வி புயல் அடித்து ஊரே வெள்ளத்தில் மிதந்தது. ஆட்கள் அங்கேயே படுத்துக்கொண்டு சோதனையை நிறுத்தாமல் நடத்தினார்கள். புயல் எச்சரிக்கை எண் ஏறினாலே பள்ளிக்குப் பூட்டுப் போடும் நமக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். அதோடு, 18 துண்டுகளுக்கும் பின்னால் மோட்டார் உண்டு, பூமியிலிருந்தே நகர்த்தலாம். 2022 மே கடைசியில் ஒரு விண்கல் துகள் ஒரு துண்டில் எதிர்பார்த்ததைவிடப் பலமாகவே இடித்தது. அந்தத் துண்டை லேசாகத் திருப்பி, கெட்டதில் ஒரு பகுதியை ஈடுகட்டினார்கள். வடு போகாது. படம் வருகிறது.

கேள்வி: அந்தப் படங்களில் நிறம் எல்லாம் கம்ப்யூட்டரில் பூசியதாமே? பொய்ப் படம்தானே?
(கல்லூரி மாணவன், கியூர்பிப்)

தம்பி, அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளியின் குறுகிய அலைக்கு நீலம், நீண்ட அலைக்குச் சிவப்பு என்று ஒதுக்குகிறார்கள். வானிலைப் படத்தில் மழை மேகத்துக்குச் சிவப்பு அடிக்கிறார்களே, அதைப் பார்த்து மேகம் சிவப்பு என்றா நினைக்கிறாய்?

கேள்வி: நம் தீவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நட்சத்திரம் பார்க்க இவ்வளவு செலவழித்து என்ன கண்டார்கள்? பூமியிலேயே கட்டினால் ஆகாதா?
(பெயர் வேண்டாம், சூயாக்)

சம்பந்தம் இருக்கிறது. வானம் பார்க்கப் பெரும் செலவு செய்து நாசமாய்ப் போன ஒருவர் இந்தத் தீவில்தான் ஆண்டுக்கணக்காய்க் காத்துக் கிடந்தார். லெ ஜான்தி என்ற பிரெஞ்சுக்காரர். 1761 ஜூன் 6 அன்று சூரியனைக் கடக்கும் வெள்ளிக் கோளைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கவேண்டும் என்று 1760ல் இங்கே வந்து சேர்ந்தார். இங்கிருந்து கப்பலேறினால், புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்று வழியில் செய்தி. கப்பல் திரும்பிற்று. அந்த நாளில் அவர் நடுக்கடலில். ஆடும் கப்பலில் அளவு எடுத்து என்ன பயன்? அடுத்த வாய்ப்பு எட்டு ஆண்டு கழித்து. ஊருக்குப் போகாமல் இந்தப் பக்கமே இருந்து, 1768ல் புதுச்சேரி போய், இடிந்த கோட்டையில் ஆய்வகம் கட்டினார். 1769 ஜூன் 4 காலையில் மேகம். வெள்ளி கடந்து முடிந்தபின் வெயில் அடித்தது. 1771ல் ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு போடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் வாரிசுகள்.

புதுச்சேரியில் சும்மா இருக்கவில்லை அவர். தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்குக் கற்றார். அவர் அங்கே போகுமுன்பே நடந்திருந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்ற கணக்கில் தமிழ் முறை 41 நொடி குறைத்துச் சொல்லியிருந்தது, ஐரோப்பாவில் பேர்பெற்ற, மாயர் என்பவர் போட்ட நிலாக் கணக்கு அட்டவணை 68 நொடி கூட்டிச் சொல்லியிருந்தது. உடனே மீசையை முறுக்கவேண்டாம். 41 நொடிப் பிசகைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல கடிகாரம் வேண்டியிருந்தது.

மேகத்துக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்வது எதற்கு என்று லெ ஜான்தியைக் கேட்டிருந்தால் அழுதிருப்பார். வெப்புக்கு மேகம் மட்டும் பிரச்சினை இல்லை. காற்றிலுள்ள ஈரம் அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் குடித்துவிடும், மிச்சத்தைத் தரையின் சூடே மூழ்கடித்துவிடும். அதனால்தான் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, அதன் வெயில் மறைப்பின் நிழலில் நிறுத்தியிருக்கிறார்கள். ரேடியோ அலைக்கு அந்தத் தொல்லை இல்லை, அதைப் பூமியிலேயே பார்க்கலாம். நாமும் பார்த்தோமே! பிரா தோ காட்டில், இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு 1,024 சுருள்கம்பி ஆண்டெனாக்கள் வரிசை கட்டி நின்றன. தெற்கே ஓடிய தண்டவாளத்தில் 15 தள்ளுவண்டிகள், வண்டிக்கு நாலு சுருள். தொண்ணூறுகளில் மாணவர்களை அங்கே அழைத்துப் போனேன். வண்டியைக் கொஞ்சம் தள்ளு, அளவு எடு, மறுபடி தள்ளு. கோழிக்கூண்டுக் கம்பி மாதிரி இருக்கிறதே என்றான் ஒருவன். அதை வைத்துத் தென்வானத்துக்கு வரைபடம் போட்டார்கள்.

என்ன கண்டார்கள் என்று கேட்டீர்கள். நீங்கள் சூயாக். கடல் உங்கள் வாசலில். டிசம்பர், ஜனவரியில் நிலா இல்லாத ராத்திரி எட்டு எட்டரைக்குக் கடற்கரைக்குப் போய்த் தெற்கே பாருங்கள். அகத்திய நட்சத்திரம் பளிச்சென்று நிற்கும். அதற்கும் தெற்கே, கிழிந்த பஞ்சு மாதிரி ஒரு வெளிச்சத் திட்டு இருக்கும். மேகம் என்று நினைப்பீர்கள், நகராது. பெரிய மெகல்லன் மேகம், ஏறக்குறைய 1,60,000 ஒளியாண்டு தொலைவில் நட்சத்திரங்கள் கூடிய ஒரு குட்டி அண்டம். அதற்குள் இருக்கும் நட்சத்திரத் தொட்டில் ஒன்றை வெப் எடுத்த படம் 2022 செப்டம்பரில் வெளிவந்தது. தூசிக்குள் ஒளிந்திருந்த ஆயிரக்கணக்கான குஞ்சு நட்சத்திரங்கள் அதில் முதல்முறையாகத் தெரிந்தன. படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு போங்கள், வானத்தைப் பார்த்து முடித்தபிறகு திறங்கள். முன்னாலேயே திறந்தால் கண் கூசி, திட்டு தெரியாது. கொசுவத்தியும் மறக்கவேண்டாம்.