ரோமியோ ஜூலியட் கேள்விக்கு எப்படி விடை எழுதுவது?

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ நாடகத்தில் காதல் எப்படிச் சித்திரிக்கப்படுகிறது என்று கேட்டால், எனக்குக் கதைச் சுருக்கம்தான் எழுத வருகிறது. வேறு என்ன எழுதலாம்?

பதில்: கதையை நான்கு வரியில் முடித்துவிடுங்கள். காதலிக்கிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை மீதி இடத்தில் எழுதுங்கள். ஷேக்ஸ்பியரின் கைவண்ணம் அங்கேதான் இருக்கிறது.

நாடகம் தொடங்கும்போது ரோமியோ ஏங்குவது ரோசலின் என்ற பெண்ணுக்காக. அவள் மேடையில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவனோ ஈய இறகு, ஒளிரும் புகை, குளிர்ந்த நெருப்பு என்று முரண்களாக அடுக்குகிறான். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் வழியில் அன்றைய காதல் கவிஞர்கள் பலரும் புலம்பிய பாணி இது. படித்துவைத்த காதல் என்று தாராளமாக எழுதலாம்.

அப்புறம் முதல் அங்கத்தின் ஐந்தாம் காட்சி, விருந்து. இருவரும் முதன்முதலில் பேசிக்கொள்ளும் 14 வரிகளைச் சேர்த்துப் பாருங்கள், ஒரு முழு சானெட் (14 வரிகளில் அமையும் கவிதை வடிவம்)! முதல் நான்கு வரிகளில் ரோமியோ அவள் கையைப் புனிதத் தலமாகவும், தன் உதடுகளை யாத்ரீகர்களாகவும் சொல்லி முத்தம் கேட்கிறான். அடுத்த நான்கு ஜூலியட்டுக்கு. அவள் அதே உருவகத்தை வாங்கிக்கொண்டு, யாத்ரீகர்களுக்குக் கையோடு கை சேர்வதே முத்தம்தான் என்று அழகாக மடக்குகிறாள். அவன் வரிகளில் வந்த ‘திஸ்’, ‘கிஸ்’ இயைபையும் விடாமல் தன் வரிகளில் வைக்கிறாள். கடைசி இரண்டு வரிகளில் அவளுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. உடனே முத்தம். அடுத்த சானெட்டும் தொடங்கிவிடுகிறது. நான்கு வரி ஆனதும் செவிலித்தாய் குறுக்கே வந்து, அம்மா கூப்பிடுகிறார் என்கிறாள். குடும்பம் இந்தக் காதலுக்குள் நுழையும் முதல் இடம் அது. இதை நிதானமாக, வரிவரியாக எழுதுங்கள்.

தோட்டக் காட்சியில் ரோமியோ நிலவின் மேல் சத்தியம் செய்யப்போகிறான். மாதத்துக்கு மாதம் மாறுகிற நிலவு வேண்டாம் என்று தடுக்கிறாள் ஜூலியட். 14 வயதுகூட நிரம்பாதவள், எல்லாம் மின்னல் மாதிரி அவசரமாக நடக்கிறதே என்று பயப்படுகிறாள். கல்யாணப் பேச்சை எடுப்பதும் அவள்தான். எனக்கு இந்த நாடகத்தில் ஆகப் பிடித்த குணம் இந்தத் தெளிவு.

நேரம் இருந்தால் 1609-இல் அச்சான ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளில் 130-ஆவதைச் சேருங்கள். தன் காதலியின் கண்கள் சூரியன் போல இல்லவே இல்லை என்று தொடங்கி, பொய்யான உவமைகள் இல்லாமலே அவள் அரியவள் என்று முடிக்கிறார் கவிஞர். ரோசலினுக்காகப் புலம்பிய பாணிக்கு நேர் எதிர்.

மேற்கோளுக்கு அந்த 14 வரிகளை மனப்பாடம் செய்தால் போதும். தோழி ஒருவரோடு ஆளுக்கொரு பாத்திரமாக வாய்விட்டு வாசியுங்கள், சீக்கிரம் மனதில் நிற்கும்.