பிப்ரவரி 29-ல் பிறந்தவர்களைப் பற்றி, அரைத்த மாவையே அரைக்காத ஜோக் ஏதாவது உண்டா?

கேள்வி கேட்டவர் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்: "வரலாற்றில் இன்று, இன்று பிறந்த பிரபலங்கள் என்று தினமும் வாட்ஸ்அப்பில் வருகிறது. பிப்ரவரி 29 வந்தால் மட்டும் எல்லாரும் ஒரே ஜோக்கைச் சொல்கிறார்களே, ஏன்?"

பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் பிறந்தது 1976 பிப்ரவரி 29.

அந்த ஒரே ஜோக் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். "உனக்கென்னப்பா, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ட்ரீட் வச்சாப் போதும்." ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்கிறவர் எல்லாரும் அந்த நிமிடம்தான் கண்டுபிடித்த மாதிரி சொல்வார்கள். நானும் முதல் தடவை கேட்கிற மாதிரி சிரித்து வைப்பேன். ட்ரீட் மட்டும் வருஷா வருஷம் தவறாமல் கேட்டு வாங்கிவிடுவார்கள், அது வேறு விஷயம்.

நல்ல சரக்கு வேண்டுமென்றால் மொரார்ஜி தேசாயிடம்தான் போக வேண்டும். அவர் பிறந்தது 1896 பிப்ரவரி 29. நியாயமாக 1900-ல் முதல் பிறந்தநாள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நூற்றாண்டு முடிகிற வருஷம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் வருஷம், 1900 வகுபடாது. ஆக, எட்டு வயதுவரை காத்திருந்து 1904-ல்தான் மனிதருக்கு முதல் பிறந்தநாளே வந்தது. அதே 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்னாளில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல்தான் அது. இந்த இரண்டையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1977 மார்ச் 24-ல் மொரார்ஜி பிரதமர் ஆனார். வயது 81. இந்தியாவில் முதல்முறை பிரதமர் ஆனவர்களில் அவ்வளவு வயதானவர் வேறு யாரும் இல்லை. ஆனால் பிறந்தநாள்களை மட்டும் எண்ணிப் பாருங்கள்: 1904-லிருந்து 1976 வரை பத்தொன்பது. அதிலும் அந்தப் பத்தொன்பதாவது பிறந்தநாளை நெருக்கடி நிலைக் காவலில் கழித்தார். அப்போது ஓட்டுப் போடவே 21 வயது ஆகியிருக்க வேண்டும். மக்களவைத் தேர்தலில் நிற்க 25. ஓட்டுரிமை இல்லாத 19 வயதுப் பையன் நாட்டை ஆண்டிருக்கிறான்! 1995 ஏப்ரலில், நூறு வயதுக்குப் பத்து மாதம் இருக்கும்போது மறைந்தார். அப்போதும் பிறந்தநாள் கணக்கு 23 தான். கடைசிவரை எம்.பி. தேர்தலில் நிற்கிற வயது வரவே இல்லை.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதே 1977-ல் ஜனாதிபதி பதவி காலியாக இருந்தது. மொரார்ஜி யாரைக் கேட்டார் தெரியுமா? ருக்மிணி தேவியை. தன்னுடைய முதல் பிறந்தநாளன்று பிறந்தவரை! அவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார், பிறகு நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றி வந்தார். இதையே எங்கள் கணக்கில் சொன்னால் எப்படி இருக்கும்? 19 வயதுப் பையன் 18 வயதுப் பெண்ணிடம் போய் "ஜனாதிபதி ஆகிறீர்களா?" என்று கேட்டிருக்கிறான். 35 வயது ஆகாமல் அந்தப் பதவிக்கு வர முடியாது. அரசியல் சட்டத்தைச் சரியாகப் படித்தது அந்தப் பெண் மட்டும்தான் போலிருக்கிறது.

மொரார்ஜி தன் பிறந்தநாளில் பட்ஜெட் வாசித்த கதையும் பிப்ரவரி கடைசியில் சுற்றும். ஊரே வரிசையில் நின்று மொய் எழுதிய பிறந்தநாள் என்று நான் அதைச் சொல்வேன். ஆனால் ஃபார்வர்டு செய்திகளில் 1964, 1968 என்று இரண்டு வருஷம் போட்டிருப்பார்கள். 1968 சரி, துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இருந்தார். 1964 எப்படி? காமராஜ் திட்டத்தில் 1963-லேயே பதவியை விட்டு வந்துவிட்டாரே. அந்த வருஷம் வாசித்தவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 'வரலாற்றில் இன்று' எழுதுகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதால் வருகிற வினை இது.

வெளிநாட்டுச் சரக்கும் கொஞ்சம் இருக்கிறது. இன்று ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலமாக இருக்கும் டாஸ்மேனியாவின் பிரதமராக இருந்த ஜேம்ஸ் மில்ன் வில்சன் 1812 பிப்ரவரி 29-ல் பிறந்து 1880 பிப்ரவரி 29-ல் இறந்தார். பதினேழாவது பிறந்தநாளன்று, 68 வயதில்! ஸ்வீடனில் நாள்காட்டியைக் குழப்பிக்கொண்டு, அதைச் சரிசெய்ய 1712-ல் பிப்ரவரி 30 என்றே ஒரு நாள் வைத்தார்கள். அன்று பிறந்த குழந்தைகளை நினைத்தால் எனக்கு என் குறையே தெரியாது. பிரான்ஸில் பிப்ரவரி 29 அன்று மட்டும் வெளியாகிற நையாண்டிப் பத்திரிகை ஒன்று இருக்கிறது. முதல் இதழ் 1980-ல் வந்தது. அதாவது எனக்கு முதல் பிறந்தநாள். எனக்கும் அதற்கும் ஒரே வயது, இருவரும் 2024-ல் பன்னிரண்டை முடித்தோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் தஞ்சாவூர். என் பாட்டிக்கு இந்த லீப் வருஷப் பஞ்சாயத்து எதுவுமே கிடையாது. "மாசி மாசம், சதயம். வருஷா வருஷம் வரத்தானே போகுது, இதுல என்னடா கஷ்டம்?" என்று முடித்துவிட்டார். அன்றைக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை, வீட்டில் பால் பாயசம். ராஜராஜ சோழனும் சதயம்தான், ஐப்பசி சதயம். ஊரே அவருக்கு விழா எடுக்கிறது, ஆங்கிலத் தேதி என்னவென்று ஒருவரும் கேட்பதில்லை. நான் அந்த நட்சத்திரப் பெருமையை வீட்டில் பேச ஆரம்பித்தால் பாட்டி உடனே சொல்வார்: "நட்சத்திரம் ராஜராஜன்தான். பொறந்த வருஷத்தோட பேரு ராட்சசடா." பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள், 1975-76 ராட்சச வருஷம்தான். நெருக்கடி நிலை, இங்கே ஆட்சிக் கலைப்பு, அப்புறம் நான்.

பள்ளியில் சேர்த்த நாளன்று, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன். தேதியைப் பார்த்ததும் தலைமையாசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "ஏன் சார் வம்பு? ஜூன் 1-னு போட்டுடறேன், நாளைக்கு வேலைக்குப் போறப்போ வசதியா இருக்கும்." எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் ஜூனில் பிறந்தார்கள், இன்றைக்கும் ஜூன் 1 அன்று ஃபேஸ்புக்கைத் திறந்தால் வாழ்த்துச் சொல்லியே கை வலிக்கும். அப்பா மட்டும் அசையவில்லை. "பொறந்தது என்னவோ அதைப் போடுங்க சார்."

அப்பாவின் நேர்மைக்கு நான் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வங்கி எனக்கு நான்கு வருஷத்துக்கு ஒரு முறைதான் வாழ்த்துச் செய்தி அனுப்புகிறது. கடன் தவணைச் செய்தி மட்டும் மாதம் பிறந்தால் வந்து நிற்கும்.

2024-ல் என் மகள் விடாப்பிடியாக கேக் வாங்க அழைத்துப் போனாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. கடைக்காரப் பையன் கேக் மேல் எழுத கிரீம் கோனை எடுத்துக்கொண்டு, "எத்தனையாவது பிறந்தநாள்?" என்றான்.

"பன்னெண்டு," என்றாள்.

"தம்பிக்கா பாப்பா? பேரு சொல்லுங்க."

அவள் என்னைக் கை காட்டினாள். நரைத்த தலையோடு பர்ஸைத் துழாவிக்கொண்டு நின்ற என்னை அவன் மேலும் கீழுமாகப் பார்த்தான். பிறகு அவளிடமே திரும்பி, "அப்போ கார்ட்டூன் பொம்மை வைக்கவா, ரோஜாப்பூ வைக்கவா?" என்று கேட்டான்.

"கார்ட்டூனே வைங்கண்ணா," என்றாள்.