இடைக்கால ஐரோப்பிய வீரர்களின் இரும்புத் தலைக்கவசம் தலையில் எப்படி நின்றது?

உள்ளே மெத்தை, வெளியே வார். சுருக்கமாக அவ்வளவுதான். ஆனால் அந்த மெத்தையில்தான் விஷயமே இருக்கிறது.

அது லினன் துணிக்குள் கம்பளி, குதிரைமுடி அல்லது ஆளிச்செடி நார் திணித்துத் தைத்த உள்ளுறை. 14ஆம் நூற்றாண்டுக் கவசங்களில், ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு அதை இரும்போடு சேர்த்தே தைத்துவிடுவார்கள். பின்னாளில் உள்ளே ஒரு தோல் பட்டையை ஆணியடித்து, அதில் தைத்தார்கள். உச்சியில் உறை பல இதழ்களாகப் பிரிந்திருக்கும். நடுவில் ஓடும் கயிற்றை இழுத்தோ தளர்த்தியோ தலைக்குத் தகுந்தபடி சரிசெய்யலாம்.

இது சொகுசுக்காக மட்டும் இல்லை. தலையில் பாரம் தூக்குபவர் சும்மாடு வைப்பதுபோல, எடை ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவுகிறது. அடி விழுந்தால் இரும்புக்கும் மண்டைக்கும் இடையிலுள்ள இடைவெளி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

அப்புறம், கழன்று விழாமல் இருக்கத் தாடைக்குக் கீழே தோல் வார். குதிரையில் எதிரெதிராக வந்து ஈட்டியால் மோதும் போட்டிக்கு அது போதாது. அதற்கான கனத்த தலைக்கவசத்தை மார்புக்கவசத்தோடும் முதுகுக்கவசத்தோடும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். தலையைத் திருப்ப முடியாது, ஆனால் கழுத்து தப்பிக்கும்.

அருங்காட்சியகத்தில் வெறும் இரும்புக் கூட்டைப் பார்த்து, அதை அப்படியே தலையில் கவிழ்த்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் துணி மக்கிப்போய், தையல் துளைகள்தான் மிஞ்சியிருக்கின்றன.