புத்தகத்துக்குள் கத்தி

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். இப்போது என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பெண்ணின் கணவனைக் கொன்றவனைப் போதிய சாட்சி இல்லை என்று நீதிமன்றம் விடுதலை செய்கிறது. கடைசி அத்தியாயத்தில் அவள் அவனைக் கத்தியால் குத்திக் கொல்கிறாள். அங்கே கத்தியை நீதியின் குறியீடாக வைத்திருக்கிறேன். படித்த நண்பர் ஒருவர், இது பழிவாங்குவதைக் கொண்டாடுகிறது, வன்முறையின் குறியீடாகத்தான் வாசிக்கப்படும் என்கிறார். இன்னொருவர் கத்திக்குப் பதில் அரிவாள் வைத்தால் மண்வாசனை வரும் என்கிறார். இலக்கியத்தில் கத்தி உண்மையில் எதன் குறியீடு? வன்முறையை எழுதினால் அது வாசகரைத் தூண்டிவிடாதா? நாவலுக்கு ‘கூர்’ என்று தலைப்பு வைக்க நினைக்கிறேன். அந்த அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். கடிதத்தின் கடைசிப் பத்தியையும் எடுத்துவிட்டேன். அது உங்கள் குடும்பத்துக்கு உரியது, ஊர் படிப்பதற்கு உரியதில்லை. அதற்குத் தனியாக எழுதுகிறேன், கொஞ்சம் பொறுங்கள். இந்த நாவலை ஏன் எழுதுகிறீர்கள் என்பது அந்தப் பத்தியைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கீழே நான் கோபமாக எழுதும் வரிகளை அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

‘எதன் குறியீடு’ என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு வழக்கமாக நான் பதில் போடுவதில்லை. பரீட்சைக்கு நோட்ஸ் கேட்பது போல இருக்கும். ஆனால் சில நாட்களாகப் பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் கதையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒரு கத்தி வருகிறது. அதனால் மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுவோம். அரிவாள் வைத்தால் மண்வாசனை வரும் என்ற நண்பரிடமிருந்து கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். வாசகரைத் தூண்டுமா என்பது தணிக்கைக்காரர்களின் கவலை. சம்பளமில்லாமல் அதை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

சரி, அத்தியாயத்துக்கு வருகிறேன். இரண்டு தடவை படித்தேன். உங்கள் கத்தி மின்னுகிறது, பசித்திருக்கிறது, நிலவைக் குடிக்கிறது, ஓரிடத்தில் ‘அறத்தின் நாக்கு’ ஆகிறது. இவ்வளவும் செய்கிற அந்தக் கத்திக்குப் பிடி மரமா, பிளாஸ்டிக்கா? எவ்வளவு நீளம்? அவள் கைக்கு எங்கிருந்து வந்தது, வாங்கினாளா, வீட்டில் இருந்ததா? வீட்டில் இருந்தது என்றால் நேற்றுவரை அதை வைத்து என்ன செய்துகொண்டிருந்தாள்? ஒன்றுமே இல்லை. பதினோரு பக்கத்தில் கத்தி என்ற சொல் வந்துகொண்டே இருக்கிறது, கத்தியைத்தான் காணோம்.

ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் ‘அசடன்’ நாவலில் ரோகோஷின் வீட்டுக் காட்சியை எடுத்துப் பாருங்கள். மிஷ்கின் கதாநாயகன், ரோகோஷின் அவனுக்கு நண்பனும் போட்டியாளனும். மிஷ்கின் பேச்சுவாக்கில் மேசையிலிருக்கும் கத்தியைக் கையில் எடுக்கிறான். ரோகோஷின் பிடுங்கி வைக்கிறான். பேச்சு தொடர்கிறது, மிஷ்கின் தன்னையறியாமல் மறுபடி எடுக்கிறான், அவன் மறுபடி பிடுங்கி ஒரு புத்தகத்துக்குள் செருகிப் புத்தகத்தையே வேறு மேசைக்கு வீசுகிறான். பக்கம் வெட்டுவதற்கா என்று மிஷ்கின் கேட்கிறான். அந்தக் காலத்துப் புத்தகங்களில் தாள்கள் ஒட்டியிருக்கும், வெட்டித்தான் படிக்க வேண்டும். ஆமாம், பக்கம் வெட்டத்தான். ஆனால் இது தோட்டத்துக் கத்தி ஆயிற்றே? தோட்டத்துக் கத்தியால் பக்கம் வெட்டக்கூடாதா? புத்தம் புதிதாக இருக்கிறதே? புதிதாக இருந்தால் என்ன, நான் ஒரு புதுக் கத்தி வாங்கக்கூடாதா என்று அவன் எரிந்து விழுகிறான். அவ்வளவுதான் காட்சி. மான்கொம்புப் பிடி போட்ட, மடக்க முடியாத ஒரு சாதாரணக் கத்தி. நாவலின் கடைசியில், இருவரும் விரும்பிய நஸ்தாஸ்யாவை ரோகோஷின் கொன்றது இதனால்தான். குத்திய இடத்திலிருந்து அரை மேசைக்கரண்டி ரத்தம்தான் சட்டையில் வழிந்தது என்று ரோகோஷினே ஆச்சரியப்பட்டுச் சொல்கிறான், உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கும் என்கிறான் மிஷ்கின். உங்கள் அத்தியாயத்தில் சுவர் நனைகிறது, கூரை நனைகிறது. தடயவியல் மருத்துவர்களிடம் கேட்டால் சொல்வார்கள், கத்திக்குத்தில் எலும்பை விட்டுவிட்டால் அதிகம் தடுப்பது தோல்தான், கூர்முனை தோலைத் தாண்டிவிட்டால் அப்புறம் பெரிய பலம் தேவையில்லை. குத்துகிறவரின் கை வழுக்கி அலகின் மேல் போய் அவர் உள்ளங்கையே வெட்டுப்படுவதும் சாதாரணம். உங்கள் கதாநாயகியின் கை கடைசிவரை சுத்தமாக இருக்கிறது. அதுதான் எனக்கு உறுத்தியது.

புத்தகத்துக்குள் கத்தி என்றதும்தான் எனக்கு மெய்ப்பொருள் நாயனார் கதையின் முத்தநாதன் நினைவு வந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியது. சிவவேடம் பூண்டு வருகிறவரையெல்லாம் சிவனாகவே வணங்கும் அரசன் மெய்ப்பொருளார். போரில் அவரை வெல்ல முடியாமல் தோற்ற முத்தநாதன் உடம்பெல்லாம் திருநீறு பூசி, சடை முடிந்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு வருகிறான். ‘மைபொதி விளக்கே என்ன மனத்தினுள் கறுப்பு வைத்து’ என்கிறார். யாரிடமும் இல்லாத ஆகம நூல் கொண்டு வந்திருக்கிறேன், தனியாகத்தான் சொல்லவேண்டும் என்கிறான். அரசன் அரசியை அனுப்பிவிட்டு, அவனை ஆசனத்தில் அமர்த்தித் தான் தரையில் உட்காருகிறான். அவன் சுவடிக் கட்டை மடியில் வைத்து அவிழ்க்கிறான், அரசன் வணங்குகிறான், அவன் குத்துகிறான். ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்’ என்று குறள் சொன்னதுதான், ஆனால் இங்கே தொழுத கை குத்துப்பட்டவனுடையது.

இந்தக் கதையில் பக்தியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு மெய்க்காவலன் தத்தன்தான் முக்கியம். வந்தவன் மேல் அவனுக்கு முதலிலிருந்தே சந்தேகம். ஓடிவந்து வாளை ஓங்குகிறான். விழுந்துகொண்டிருக்கும் அரசன் நீண்ட கையால் தடுத்து, ‘தத்தா நமர்’ என்கிறான். நம் ஆள், விடு. விட்டால் மட்டும் போதாது, ஊர் கொன்றுவிடும், பத்திரமாக எல்லைவரை கொண்டுபோய் விட்டு வா என்று ஆணை. தன் தலைவனைக் கொன்றவனுக்குக் காவலாக, அவனை அடிக்க வரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, உருவிய வாளோடு நடக்கிறான் தத்தன். அந்த நடையில் அவன் மனதில் என்ன ஓடியிருக்கும்? சேக்கிழார் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஒரு நாவலே எழுதலாம். உங்கள் கடைசி அத்தியாயத்தைவிட நூறு மடங்கு கனமான நாவலாக இருக்கும்.

மன்னிக்கச் சொல்கிறேனோ என்று நினைக்காதீர்கள். மன்னிப்பைப் பற்றி உங்களிடம் பேச எனக்கு உரிமை கிடையாது. எழுத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் தண்டனை முடிந்து வெளியே வந்த ஒருவரோடு ஒரு பகல் முழுக்கப் பேசியிருக்கிறேன். தச்சு வேலை செய்துகொண்டிருந்தார். கோபத்தில் சொந்தக்காரரைக் குத்தியவர். நான் அப்போது இளைஞன், குற்றவுணர்வு, பாவம், விடுதலை என்று பெரிய பெரிய கேள்விகளாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கத்தியின் பிடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். பிடி ஆடிக்கொண்டே இருக்குமாம். சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி இழுத்துச் சுற்றியிருந்தாராம். நீதிமன்றத்தில் காகிதத்தைப் பிரித்துக் கத்தியைக் காட்டி, இதுதானா என்று கேட்டபோது, அந்த ரப்பர் காய்ந்து வெடித்து விட்டுப்போயிருந்தது கண்ணில் பட்டதாம். “மறுபடி சுத்தணும்னுதான் சார் முதல்ல தோணிச்சு” என்றார். என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த கேள்விகள் எல்லாம் எனக்கே அசிங்கமாகத் தெரிந்தன.

ஏன் செய்தீர்கள் என்ற கேள்விக்கும் இதே கதிதான். 1938 ஜனவரியில் பாரிஸ் தெருவில் முன்பின் தெரியாத ஒருவன் ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டை நெஞ்சில் குத்தினான். பிழைத்தெழுந்த பெக்கெட் பிற்பாடு வழக்கு விசாரணையில் அவனைச் சந்தித்து ஏன் குத்தினாய் என்று கேட்டார். தெரியவில்லை ஐயா, மன்னிக்கவும் என்றானாம். உங்கள் கொலைகாரன் குத்துப்படுவதற்கு முன் ஒன்றரைப் பக்கம் காரணம் சொல்கிறான். நிறுத்தச் சொல்லுங்கள் அவனை.

இப்போது நீதி. இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீதிதேவதை சிலையின் கையில் இருப்பது வாள். வாள் எல்லோர் கண்ணுக்கும் தெரிய ஓங்கி நிற்பது, அரசுக்கு உரியது. கத்தி மடியிலும் பையிலும் மேசை அறையிலும் இருப்பது, யார் வீட்டிலும் இருப்பது. வாள் வரவேண்டிய நேரத்தில் வராமல் போகும்போதுதான் கதைக்குள் கத்தி நுழைகிறது. இது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, அந்த அளவுக்கு உங்கள் உள்ளுணர்வு சரி. ஆனால் கத்தி நுழைந்ததும் என்ன நடக்கிறது என்று பார்த்தீர்களா? உங்கள் நாவலில் நானூறு பக்கமாக அந்தப் பெண்ணை அலைக்கழித்தது யார்? பொய்சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரர், பணம் வாங்கிக்கொண்டு அறிக்கையை மாற்றியவர், கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தீர்ப்பு வாசித்த நீதிபதி. கடைசி அத்தியாயத்தில் அவள் ஒருவனைக் குத்துகிறாள். வாசகர் அப்பாடா என்று பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார். மற்ற மூன்று பேரும் தப்பித்துவிட்டார்கள். வாசகரின் கோபம் முழுக்க அந்த ஒரு குத்தில் செலவாகிவிட்டது, இனி அவர்களைப் பற்றி நினைக்க யாருக்கும் கோபம் மிச்சமில்லை. நீதிமன்றத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக எழுதத் தொடங்கிய நாவல், முடியும்போது அதற்கு விடுதலைத் தீர்ப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறது. இதைத்தான் கத்தி நீதி செய்துவிட்டது என்கிறீர்கள்.

கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் 1981இல் வெளிவந்த ‘முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட மரணத்தின் சரித்திரம்’ நாவலில் கொலை செய்யும் இரட்டையர்கள் பன்றி அறுப்பவர்கள், கத்தியும் அந்தத் தொழிலுடையது. செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, கொல்லப்போகிறோம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், யாராவது தடுக்கமாட்டார்களா என்று ஏங்குவது போல. மேயர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு கடமை முடிந்தது என்று அனுப்பிவிடுகிறார், அவர்கள் வீட்டுக்குப் போய் வேறு கத்தி எடுத்து வருகிறார்கள். மறுபடி அவர் காதில் போடுகிறார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்றவர், வழியில் கிளப்புக்குள் நுழைந்து அன்று ராத்திரி டோமினோ ஆட்டம் உண்டா என்று விசாரித்துவிட்டு வெளியே வருவதற்குள் கொலை முடிந்துவிடுகிறது. செத்தவனின் தாயே, மகன் உள்ளே வந்துவிட்டான் என்று நினைத்துக் கதவைத் தாழிட்டிருக்கிறாள். மானத்தைக் காக்கச் செய்த கொலை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொள்கிறது. அந்த நாவலில் ஒருவர்கூடத் தப்பவில்லை. டோமினோ விசாரித்த அந்த மேயரை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை, குத்திய இரண்டு பேர் மேல் எனக்குப் பரிதாபம்தான்.

காஃப்காவின் ‘விசாரணை’ நாவல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே நீதிமன்றமே கசாப்புக் கத்தியை அனுப்பிவிடுகிறது. மரியாதையாக உடுத்திய இரண்டு பேர் அதைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு மேலாக ஒருவருக்கொருவர் உபசாரமாக நீட்டிக்கொள்கிறார்கள், வாங்கி நீயே குத்திக்கொள்ளேன் என்பது போல. ஷேக்ஸ்பியரின் ஷைலாக் நீதிமன்றத்துக்குள்ளேயே செருப்பின் அடியில் கத்தியைத் தீட்டுகிறான், கடன்காரனின் சதையை அறுத்துக்கொள்ளலாம் என்ற பத்திரம் கையில் இருக்கிறது.

நம்மிடம் கண்ணகி இருக்கிறாள், அவளை மறந்துவிட்டு நீங்கள் எங்கெங்கோ தேடுகிறீர்கள். கோவலனை வெட்டியது அரசின் வாள். அவள் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. சான்றுப் பொருளோடு வருகிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அரசனே ஒப்புக்கொள்கிறான், அவள் உடைக்கிறாள், மணி தெறித்து அரசன் வாயில் படுகிறது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று தீர்ப்பை அவன் வாயாலேயே சொல்ல வைத்தாள். பாண்டியனைக் குத்தியிருந்தால் அவன் ‘கொல்லப்பட்ட அரசன்’ என்ற அனுதாபத்தோடு போயிருப்பான். அப்புறம் மதுரையை எரித்தாளே என்பீர்கள். அது வேறு கடிதத்துக்கு.

ஆகவே கத்தியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அவள் குத்தத்தான் வேண்டும் என்றால் குத்தட்டும், எழுதுகிறவர் நீங்கள். ஆனால் நாவலை அங்கே முடிக்காதீர்கள். அதற்கு மறுநாளை எழுதுங்கள். அதே நீதிமன்றத்தில், அதே நீதிபதிக்கு முன்னால் அவள் நிற்க வேண்டுமில்லையா? இந்த முறை சாட்சிகள் எல்லோரும் ஒழுங்காக வருவார்கள். கோப்பு முழுதாகப் படிக்கப்படும். பக்கத்து வீட்டுக்காரர் உண்மையை மட்டுமே சொல்வார். ஒரு குறையும் இல்லாத விசாரணை நடக்கும். அந்த அத்தியாயத்தை எழுத உங்களுக்கு வயிறு எரியும், எரியட்டும்.

தலைப்பு ‘கூர்’ வேண்டாம். திருத்தி எழுதியதும் முழுப் பிரதியையும் அனுப்புங்கள், படிக்கிறேன். உடன் வரும் கடிதத்தில் குறியீடு என்ற சொல் இருந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்